அறுபத்திரண்டாம் துளை

தருமலிங்கத்துக்கு ஊரில் ஒரு பெயர், தோட்டத்தில் ஒரு பெயர். சாவகச்சேரியில் அவர் தம்பு வாத்தியாரின் மூன்றாவது மகன். தெரணியகலையிலிருந்து ஏழு மைல் மேலே ஏறினால் வரும் ஆத்துத்தோட்டத்தில் அவர் அட்டைக் கிளாக்கர். அந்த மழைப் பிரதேசத்தில் அட்டை என்றால் காலில் ஏறி இரத்தம் குடிப்பது என்று நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். ஆகவே பெயர் வைத்தவர்கள் நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் வைத்திருப்பார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொதுவாக எதையுமே பெரிதாக எடுத்துக்கொள்ளும் ஆள் இல்லை அவர்.

ஐம்பத்தொன்பதில், இருபத்தைந்து வயதில், ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு குடையோடும் இரண்டாவது கிளாக்கராக வந்து சேர்ந்தார். நான்கு வருஷம் கழித்து விமலாதேவியைக் கட்டினார். விமலாதேவி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இந்த மழைக்கும் பாசிக்கும் வரமாட்டேன் என்று முதல் வருஷமே சொல்லிவிட்டார். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று வருஷத்தில் மூன்று தடவை இவர் போய்வந்தார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் அவர்கள் வளர்ந்திருந்தார்கள். அதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தீர்மானிப்பதற்குள் லீவு முடிந்துவிடும்.

அட்டைப் பெட்டி அறுபத்தேழில் வந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்னால் இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டு, தோட்டத்து ஆட்களில் இத்தனை இலட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை இலட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தன. அதிலிருந்து கொழும்புக் கம்பெனிக்கு மாதம் ஒரு பட்டியல் வேண்டியிருந்தது. யார் எந்தப் பக்கத்துக்கு எழுதிக்கொடுத்தார், யாருக்கு விடை வந்தது, யார் எந்தத் திகதிக்குள் கிளம்ப வேண்டும். புத்தகங்களைப் புரட்டி இதை எடுக்கப் பத்து நாள் பிடித்தது. ஆகவே கம்பெனி ஒரு இரும்புப் பெட்டியையும் ஆயிரத்து இருநூறு தடித்த அட்டைகளையும் ஒரு நீண்ட ஊசியையும் அனுப்பிவைத்தது.

ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையின் நான்கு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு கேள்வி. ஆணா, பெண்ணா, எந்த லயத்து வீடு, எந்தக் குடும்பம், எந்த நாடு. விடை ஆம் என்றால் அந்தத் துளையை ஓரம்வரை வெட்டித் திறந்துவிட வேண்டும். பிறகு அட்டைகளை அடுக்கி, வேண்டிய துளைக்குள் ஊசியைக் கோத்துத் தூக்கினால், வெட்டுப்பட்டவை மேசையில் விழும், மற்றவை ஊசியில் தொங்கும். இந்தியாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வேண்டுமா? ஊசியைக் கோத்து ஓர் உதறு உதறினால் போதும். பத்து நாள் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. பெரிய கிளாக்கர் அதைப் பார்த்துவிட்டு, இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

வேலை இருந்தது. பெட்டி பார்க்கத்தான் சாது. அந்த ஈரத்தில் அட்டைகள் ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. விழ வேண்டியது விழாமல் பக்கத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. துளை கிழிந்துபோனால், விழக் கூடாதது விழுந்தது. தலைகீழாய் ஓர் அட்டை சொருகிவிட்டால் ஆண் பெண்ணானான், கைக்குழந்தை பென்சன்காரனாயிற்று. தருமலிங்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கைவைத்தியம் கண்டுபிடித்தார். தேயிலைக் கொழுந்து வராத ஞாயிற்றுக்கிழமையில் அட்டைகளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்க் கொழுந்து வாட்டும் தட்டுகளில் பரப்பிக் காயவைத்தார். பெட்டிக்குள் ஒரு சிறு பல்பை எரியவிட்டார். கிழிந்த துளைக்குத் தபால் முத்திரைத் தாளின் வெள்ளை ஓரத்தை நக்கி ஒட்டினார். அது பசையோடு வருவதால் கச்சிதமாக ஒட்டும். காய்ந்ததும் புதிதாகத் துளைத்துவிட்டால் அட்டை பழையபடி ஊசியில் தொங்கும். ஊசி வளைந்தபோது தன் குடைக் கம்பியில் ஒன்றைக் கழற்றித் தீட்டி வைத்துக்கொண்டார்.

இது வெளியே தெரிந்து, மற்றத் தோட்டங்களில் பெட்டி முரண்டு பிடித்தால் இவரை அனுப்பச் சொல்லி ஆள் வந்தது. பெல்மதுளைப் பக்கம் நாலு தடவை, கொடகவெலவுக்கு இரண்டு தடவை பஸ் ஏறிப் போனார். போன இடத்தில் அதிகம் பேசமாட்டார். விழ வேண்டியது விழவில்லையா, விழக் கூடாதது விழுந்ததா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். பிறகு ஊசியைப் பார்ப்பார், துளையைப் பார்ப்பார், அட்டையைப் பார்ப்பார். ஒரு பயிற்சிக் கொப்பியில் 'கோளாறு' என்று ஒரு பக்கமும் 'பரிகாரம்' என்று எதிர்ப் பக்கமும் எழுதி வைத்தார். அந்தக் கொப்பியில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அவர் வாழ்க்கையில் அவருக்கென்று இருந்த பெருமை அவ்வளவுதான்.

அறுபத்தொன்பதில் கம்பெனி ஒரு புதுக் கட்டளை போட்டது. ஆட்கள் செத்த பிறகும் அரிசிக் கூப்பன் உயிரோடு இருக்கிறதாம், பெட்டியைச் சுத்தம் செய்யவும் என்று. தருமலிங்கம் தோட்டத்துச் சாவுப் புத்தகத்தை நாற்பதாம் ஆண்டிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக அட்டையோடு ஒப்பிட்டார். பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த திகதி நாலும் ஒத்தால் ஆள் ஒன்று. பதினொரு அட்டைகள் அகப்பட்டன. அறுபத்திரண்டாம் துளை 'காலமானவர்' என்ற துளை. பதினொன்றிலும் அதை வெட்டித் திறந்தார். திருத்தச் சீட்டு எழுதிக் கொழும்புக்கு அனுப்பினார். கம்பெனியின் கொழும்பு ஆபீசிலும் இதே அட்டைகளின் இன்னொரு கட்டு இருந்தது. அங்கிருந்த புவாட் என்பவர் அதிலும் பதினொன்றை வெட்டினார், அரசாங்கத் திணைக்களத்துக்கும் அறிவித்தார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, தருமலிங்கத்தைக் கூப்பிட்டு நல்ல வேலை என்று சொன்னார்.

அந்த நாளிலிருந்து எந்தப் பட்டியலுக்கும் முதல் வேலை, அறுபத்திரண்டில் ஊசியைக் கோத்துச் செத்தவர்களை உதறிவிடுவது. விழுந்தவற்றை ரப்பர் வளையம் போட்டுப் புறம்பாக வைத்துவிட்டு, தொங்குகிறவர்களோடு மிச்ச வேலையைப் பார்ப்பது. பட்டியல் பட்டியலாக ஆட்கள் போனார்கள். முதலில் அவர் போகிறவர்களின் முகத்தை நினைத்துப் பார்ப்பதுண்டு. பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

எழுபத்துமூன்று பெப்ரவரியில், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற செல்லையா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தான். கூட அவன் மனைவி சுப்பம்மா, முதுகில் கூடையோடு, மலையிலிருந்து நேராக வந்து நின்றாள்.

"ஐயா, கொழும்புலருந்து இந்தியாவுக்குப் போற பேப்பர் வந்துருக்குங்க. எனக்கு இருக்கு, புள்ளைங்க ரெண்டுக்கும் இருக்கு. இவளுக்கு இல்லீங்க" என்றான் செல்லையா.

அறுபத்தெட்டில் அவன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தபோது நாலு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதினான். அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே தருமலிங்கம்தான்.

"விடுபட்டிருக்கும். பாப்பம்" என்று பெட்டியைத் திறந்தார். செத்தவர்களை உதறினார். செல்லையாவின் குடும்பமான எண்பத்தெட்டுக்கு ஊசி கோத்தார். மூன்று அட்டைகள் விழுந்தன. ஊசியைப் பார்த்தார், நேராக இருந்தது. ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று அட்டைகளை விசிறிப் பார்த்தார், ஒட்டவில்லை. எல்லாக் கைவைத்தியமும் முடிந்த பிறகு, கடைசியில், ரப்பர் வளையம் போட்ட கட்டைப் பிரித்தார். எட்டாவதாக இருந்தது.

"உன்ரை அப்பன்ரை பேர் என்ன?"

"அழகமுத்துங்க. செத்துப் போயிட்டாருங்க."

"தாய்?"

"தங்கம்மாங்க. மேல் லயத்துல இருக்காங்க."

"எந்த வருஷம் பிறந்தனி?"

"அது எனக்கு எங்கங்க தெரியும்? சீட்டுல இருக்குங்க." அவள் இடுப்பிலிருந்து நாலாய் மடித்த பிறப்புச் சீட்டை எடுத்து நீட்டினாள். நாற்பத்துமூன்று. அட்டையிலும் அதேதான். சாவுப் புத்தகத்தில், நாற்பத்துநாலு நவம்பரில், காய்ச்சலால் இறந்துபோன சுப்பம்மாவுக்கும் அதே தகப்பன், அதே தாய், அதே பிறந்த திகதி. ஒரு வேற்றுமையும் இல்லை, அவள் எதிரே நிற்பதைத் தவிர.

"இது யாருங்க ஐயா?" அவள் அட்டையைக் காட்டிக் கேட்டாள்.

"நீதான்."

"எங்க இருந்துச்சுங்க?"

தருமலிங்கம் ரப்பர் வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டார். "செத்த ஆக்களோடை இருந்தது" என்றார்.

செல்லையா சிரித்தான். "இவளா? தெனம் வெள்ளன பிரட்டுக்கு மொத ஆளா நிக்கிறாளேங்க."

அது உண்மை. நாலு வருஷமாகக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பெயர் கொடுத்தாள், கொழுந்து எடுத்தாள், கூப்பனில் அரிசி வாங்கினாள். அதெல்லாம் வேறு வேறு புத்தகம். இந்தப் பெட்டியில் மட்டும் செத்துப்போய் இருந்தாள். அவளுடைய அட்டையில், வேலை செய்கிறவர்களுக்கே கொடுக்கும் செக்றோல் எண்ணும் இருந்தது. ஆள் போனால் அந்த எண்ணை அடுத்த ஆளுக்குக் கொடுப்பது வழக்கம். ஆகவே அறுபத்தொன்பதில் அவர் அதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டிருந்தார். லயத்துக்கு ஓர் ஆளை அனுப்பிக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அவர் யாரையும் அனுப்பவில்லை.

மறுநாள் தங்கம்மா வந்தாள். அதில் மறைக்க என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னாள்.

"மூத்தது ஒன்றர வயசுல போயிருச்சுங்க. அடுத்த வருஷம் இவ பொறந்தா. சாமிக்கு நேந்துக்கிட்ட பேருங்க, விட முடியாது, அதயே வச்சோம். சீட்டுந்தான் வீட்டுல கெடந்துச்சே, எதுக்குங்க இன்னொரு சீட்டு? வயசும் ரெண்டு கூட வரும், வெள்ளனயே வேலைக்குப் பேர் பதியலாம். எல்லாருந்தானே அப்பிடி செஞ்சாங்க."

எல்லோரும்தான் செய்தார்கள். செத்த பிள்ளையின் சீட்டு அடுத்த பிள்ளைக்கு, அக்காவின் சட்டையைத் தங்கைக்குப் போடுவது போல. சட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். தோட்டத்தில் யாருக்கும் இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. குழப்பம் வருவதற்கு ஒரு பெட்டி வர வேண்டியிருந்தது.

தருமலிங்கம் அன்றே முத்திரைத் தாளின் ஓரத்தை வெட்டி, நக்கி, அறுபத்திரண்டாம் துளையில் ஒட்டினார். காய்ந்ததும் துளைத்தார். ஐந்து நிமிஷம். ஆத்துத்தோட்டத்துப் பெட்டியில் சுப்பம்மா உயிர்த்துவிட்டாள். திருத்தச் சீட்டு கொழும்புக்குப் போயிற்று. ஒரு வாரத்தில் புவாட் தொலைபேசியில் வந்தார்.

"தருமலிங்கம், நான் எண்ட அட்டைய ஒட்டிப் போடுவன், அது ஒரு வேலயா? திணைக்களத்தில ஏத்துக்கொள்ள மாட்டாங்க. அந்தப் பொறப்புச் சீட்டு மௌத்தாப் போன புள்ளட. இவங்க வேற ஆள் எண்டு காட்டினா, இவங்கட பொறப்புச் சீட்டு எங்க எண்டு கேப்பாங்க. இவங்க மௌத்தாகல்ல, ஆனாப் பொறக்கவும் இல்லயே."

"அப்ப என்ன செய்யிறது?"

"புதுசாப் பதியோணும். எழுதிப் போடுங்க, பாப்பம்."

எழுதிப் போட்டார். பெப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை பதினான்கு கடிதம். ஏழுக்குப் பதில் வந்தது. ஏழிலும் வேறு யாருக்காவது எழுதச் சொல்லியிருந்தது. கொப்பியை எடுத்து, கோளாறு பக்கத்தில் 'ஆள் இருக்க அட்டை விழுதல்' என்று எழுதினார். எதிர்ப் பக்கத்தை வெறுமனே விட்டார்.

செல்லையாவுக்கு ஒக்டோபர் முடியுமுன் கப்பல் ஏற வேண்டும் என்று கெடு இருந்தது. தவறினால் பொலிஸ் வந்து அழைத்துப் போகும், அந்தப் பேப்பரும் செல்லாமல் போகும். புருஷனும் மனைவியும் மறுபடி ஜன்னலுக்கு வந்தார்கள்.

"போறதா நிக்கிறதான்னு நீங்கதான் ஐயா சொல்லணும்" என்றான் செல்லையா.

தருமலிங்கம் பெட்டியைப் பார்த்தார். "நீ பிள்ளையளோடை போ. ரெண்டு மாசத்திலை சரிவரும். இவள் பின்னாலை வரட்டும்" என்றார்.

இரண்டு மாதம் என்று எதை வைத்துச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. ஜன்னலில் இரண்டு பேர் விடைக்காக நின்றார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. சுப்பம்மா தலையாட்டினாள். கிளாக்கர் ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய தலையாட்டல் அது.

ஒக்டோபர் இருபதாம் திகதி செல்லையாவும் பிள்ளைகளும் தலைமன்னாருக்குப் போகத் தெரணியகலை பஸ்ஸில் ஏறினார்கள். மகள் பரமேஸ்வரிக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. தருமலிங்கம் ஆபீசில் மாதப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார். எண்பத்தெட்டாம் குடும்பத்தில் மூன்று அட்டைகளை உருவி, 'சென்றவர்கள்' பெட்டிக்குள் போட்டார். நாலாவதைத் திரும்ப இடத்தில் வைத்தார். மழை பெய்துகொண்டிருந்தது. மனசுக்குள் ஏதாவது வருமென்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் வரவில்லை, பட்டியலை டைப் அடிக்கத் தொடங்கினார்.

நவம்பர் கடைசியில் சுப்பம்மா ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏதாச்சும் வந்துச்சுங்களா ஐயா?"

"இன்னும் இல்லை."

அவள் போகவில்லை. "எங் அட்டயக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

அவர் பெட்டியைத் திறந்து அறுபத்திரண்டில் ஊசியைக் கோத்துத் தூக்கினார். பத்துப் பன்னிரண்டு அட்டைகள் விழுந்தன. அவளுடையது தொங்கியது. வெள்ளை ஒட்டுத்தாள் அடையாளமாகத் தெரிந்தது.

"விழலீங்கள்ல?"

"விழேல்லை."

"சரிங்க" என்று கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வந்தாள். அதே கேள்வி, அதே விடை, அதே ஊசி. முதல் சில மாதம் அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் துளையை வெட்டியது நான்தான் என்று சொல்லிவிடலாமா என்று பலமுறை நினைத்தார். அவளாகக் கேட்டால் சொல்வது என்று வைத்துக்கொண்டார். அவள் கேட்கவில்லை. வெட்கமும் மெல்ல மெல்லத் தேய்ந்து, மாதக் கடைசி வேலைகளில் அதுவும் ஒன்றாயிற்று.

எழுபத்தைந்தில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைக்காரக் கம்பெனி போயிற்று. புவாட் குவைத்துக்குப் போனார். புதிய துரை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மேக மொகடத?" என்று கேட்டார். இது எதற்கு என்று கேட்டவருக்குத் தருமலிங்கம் ஊசியைக் கோத்து ஓர் உதறு உதறிக் காட்டினார். பட்டியல் கேட்பதும் நின்றுபோயிற்று. ஆனாலும் பல்பை மாற்றினார், ஞாயிற்றுக்கிழமையில் அட்டைகளைக் காயவைத்தார்.

எழுபத்தாறில் சுப்பம்மாவைக் கேகாலைக்குப் பதிவுக் கந்தோருக்குக் கூட்டிப்போனார். தருமலிங்கத்தின் சிங்களம் அங்கே ஒப்பேறவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்பியபோது, அவள் முன்னால் வந்து, "மம மெரிலா நே மஹத்தயா" என்றாள். நான் சாகவில்லை ஐயா. எண்ணெய் இல்லை, உப்பு இல்லை என்று கடையில் சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதிகாரி அவளுக்கு ஒரு நாற்காலி கொடுக்கச் சொன்னார்.

எழுபத்தேழு ஆகஸ்டில் இனக்கலவரம் வந்து தோட்டமே பத்து நாள் தொழிற்சாலைக்குள் ஒளிந்து கிடந்தது. வெளியே வந்தபோது தருமலிங்கத்தின் வீட்டில் றேடியோ, உடுப்பு, பாய் ஒன்றும் இல்லை. பெட்டியை யாரும் தொடவில்லை. விமலாதேவி ஊருக்கு வரச்சொல்லி மூன்று கடிதம் எழுதினார். வருகிறேன் என்று எழுதிவிட்டு இருந்துகொண்டார்.

எழுபத்தெட்டில் புதிய பிறப்புச் சீட்டு கிடைத்தது. சுப்பம்மா, பிறந்தது நாற்பத்தைந்து. ஆபீசில் எந்தக் காகிதம் கொடுத்தாலும் கொடுப்புப் புத்தகத்தில் எழுதி, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்து வாங்குவது முறை. அவள் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்த நகம் அது, மை ஒட்டியதே தெரியவில்லை.

"இனிப் போலாங்களா ஐயா?" என்றாள்.

அவர் ஏற்கெனவே விசாரித்திருந்தார். செல்லையாவோடு எழுதிக்கொடுத்தது நாற்பத்துமூன்றில் பிறந்த சுப்பம்மா. நாற்பத்தைந்தில் பிறந்தவள் எந்த நாட்டுக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. எழுதிக்கொடுக்கிற காலமும் முடிந்து எட்டு வருஷம். கோயிலில் கட்டிய தாலிக்குப் பதிவு கிடையாது. பிள்ளைகளின் சீட்டில் தாயாக இருப்பது செத்த சுப்பம்மாவின் எண். புதிய சுப்பம்மாவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, நாடும் இல்லை. இதையெல்லாம் அவர் மெதுவாக விளக்கினார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப அட்டய மட்டும் காட்டுங்க" என்றாள்.

எண்பத்திரண்டு ஜூனில், மாதக் கடைசி அல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பகல், அவள் வந்தாள். கையில் இந்தியத் தபால்தலை ஒட்டிய நீலக் கடிதம். செல்லையா முன்பு வருஷம் இரண்டு மூன்று கடிதம் யாரையாவது பிடித்து எழுதிப் போடுவான். நாலு வருஷமாக ஒன்றும் வரவில்லை. இது வேறு எழுத்து.

"படிங்க ஐயா."

எழுதியது பரமேஸ்வரி. இப்போது அவளுக்குப் பதினெட்டு. நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். தருமலிங்கம் எல்லோருக்கும் படிப்பது போல ஒரே சீராகப் படித்தார்.

"அன்புள்ள அம்மாவுக்கு, நாங்கள் நலம். தம்பி எட்டாவது படிக்கிறான். அப்பா எழுத மாட்டேன் என்கிறார், அதனால் நான் எழுதுகிறேன். நாலு வருஷமாகச் சித்தி எங்களோடு இருக்கிறார். நல்லவர். ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. இப்போது எங்களுக்கு வீடு தருகிறார்கள். வீட்டுச் சீட்டில் சித்தி பேரும் பாப்பா பேரும் ஏற வேண்டுமென்றால், முதல் மனைவி இறந்ததற்கு அங்குள்ள தோட்டத்து ஆபீஸ் கடிதம் வேண்டுமாம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அங்கே ஆபீசில் முன்பே அப்படி ஓர் அட்டை இருந்ததாக அப்பா ஒருநாள் சொன்னார். அம்மா, என்னை மன்னித்துக்கொள். தம்பிக்கு உன் முகம் ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது."

படித்து முடித்து மடித்தார். அவள் கடிதத்தை வாங்கி விரித்துப் பார்த்தாள். வாசிக்கத் தெரியாதவர்கள் பார்க்கிறது போல, மேலிருந்து கீழ்வரை முழுவதையும் ஒரே தடவையில் பார்த்தாள்.

"புள்ள எழுத்து நல்லா இருக்குங்களா ஐயா?"

"நல்ல எழுத்து."

"வரி கோணாம இருக்குல்ல" என்றாள். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அந்தக் கடுதாசியக் குடுத்துருங்க" என்றாள்.

"அப்பிடி எழுதேலாது. அது பொய்."

"மூத்தவ செத்தது பொய் இல்லீங்களே."

"நான் அட்டையைப் பாத்துத்தான் எழுதவேணும். அட்டையிலை நீ உயிரோடை இருக்கிறாய்."

"எடுங்க பாப்பம்."

அவர் பெட்டியைத் திறந்தார். ஊசி கோக்கத் தேவைப்படவில்லை. இத்தனை வருஷத்தில் அது எந்த இடத்தில் இருக்கும் என்று கைக்கே தெரிந்திருந்தது. அட்டையை ஜன்னல் பலகையில் வைத்தார். முத்திரைத் தாளின் வெள்ளை இப்போது மஞ்சளாகியிருந்தது.

"இத யாருங்க ஐயா வெட்டுனது?"

ஒன்பது வருஷமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர், அது வந்தபோது தடுமாறினார். "நான்தான்" என்றார்.

"நெனச்சேங்க" என்றாள் சுப்பம்மா. கோபமாகச் சொல்லவில்லை, அதனால் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவள் இடது கையால் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வலது கட்டைவிரல் நகத்தை ஒட்டுத்தாளின் ஓரத்தில் கொடுத்தாள். கொழுந்தை முற்றல் இலை வராமல் கிள்ளியெடுக்கிற நகம். அட்டை கிழியாமல் ஒட்டு மட்டும் ஒரே துண்டாக வந்தது. அதை உருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

"இப்பப் போட்டுப் பாருங்க."

அவர் ஊசியை எடுத்தார். மற்ற அட்டைகளோடு அதைச் சேர்த்து அடுக்கி, அறுபத்திரண்டில் கோத்துத் தூக்கினார். அவளுடையது முதலில் விழுந்தது.

"சரிங்கள்ல?" என்றாள்.

"சரி."

டைப் அடிக்கும் வரை நின்றாள். மேற்படி தோட்டத்துப் பதிவு அட்டையின்படி, அழகமுத்து மகள் சுப்பம்மா, செல்லையாவின் மனைவி, காலமானவர். துரையின் முத்திரையைக் குத்தினார், 'துரைக்காக' என்று போட்டுத் தன் கையெழுத்தை வைத்தார். உறைக்குள் போட்டு அவளிடம் நீட்டினார். இருபத்துமூன்று வருஷப் பழக்கத்தில் கை தானாகவே கொடுப்புப் புத்தகத்தை விரித்து, மைப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டது. வைத்த பிறகுதான், காலமானவரிடமே கைநாட்டுக் கேட்கிறோம் என்று தெரிந்தது. மூடப் போனார்.

அதற்குள் சுப்பம்மா கட்டைவிரலை மையில் தொட்டு, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் வைத்து அழுத்தினாள்.